சில்வர் ஓக்

ஐப்பசி, செவ்வாய் இரவு

ஏற்காட்டு வீட்டில் சமையலறை வேலை நடக்கிறது.

சமையலறை அலமாரிக் கதவுகளில் ஒட்டும் ஷீட்டை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மாதிரிப் புத்தகத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒன்று பிடித்தது. அடியில் சில்வர் ஓக் என்று போட்டிருந்தது. நேற்று ஆசாரி பழனியண்ணனிடம் போனில், "அலமாரிக்கு சில்வர் ஓக்கே போட்டுருங்கண்ணா" என்றேன். "சரிங்கம்மா, நல்லதுங்க" என்றார். ஷீட் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

இன்று டைல்ஸ் பார்க்கச் சேலம் போய்விட்டு மாலை பஸ்ஸில் திரும்பினேன். வாசலில் வழக்கத்தைவிட வெளிச்சமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அங்கே நின்ற எங்கள் சில்வர் ஓக் மரம் இல்லை. அதில் ஏறியிருந்த மிளகுக்கொடி பச்சைக் காய்களோடு தரையில் சுருண்டு கிடந்தது.

"வெளிய எதுக்குங்க வாங்கோணும்? ஊட்டு முன்னாலயே நிக்குதேன்னு ஆள் வெச்சு அறுத்துட்டனுங்க. நொம்ப நல்ல மரமுங்க" என்றார் பழனியண்ணன். முகமெல்லாம் சிரிப்பு. அவரை எப்படித் திட்டுவது? காபித் தோட்டமெல்லாம் அந்த மரமே நிற்கும் ஏற்காட்டில் சில்வர் ஓக் என்றால் மனுஷன் வேறு எதை நினைப்பார்?

உள்ளே போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன். மரம் மாதிரி அச்சடித்த வெறும் தாள்.

கல்யாணமான வருஷம் இவர் நட்ட மரம் அது. எட்டு மணிக்கு, வேலை பார்க்கும் ஓசூரிலிருந்து போன் செய்தார்.

"அலமாரிக்கு என்ன முடிவு பண்ணுன?"

"சில்வர் ஓக்."

"நல்லாருக்கும். வாசல்ல நிக்கிற நம்ம மரத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார்.