நாற்பத்து நாலாவது டைல்

மார்ச் 3

வெல்டர் ஐயாவுக்கு,

இங்கே நலம். "அண்ணன் நல்லாத்தான் இருக்கார், தாடிதான் சகிக்கலை அண்ணி" என்று உங்கள் தங்கை சொன்னாள். போனில் பேசினால் மூணாவது நிமிஷம் நமக்குள் சண்டை வருகிறது. அதனால் கடிதம்.

அடுத்த மாதம் உங்கள் அணு இணைவு உலையில் பிளாஸ்மாவை முழு சக்தியில் ஓட்டப் போகிறார்களாமே. அந்தக் கொதிக்கும் வாயுவைக் காந்தம் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஓரத்தில் கசிந்து சுவரை உரசும். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அடிச்சுவரில் வெப்பம் தாங்கப் பதித்த டைல்களில் நாற்பத்திரண்டாவதன் பக்கம்தான் சூடு குவிகிறது. அங்கே ஏதாவது ஒரு டைல் அரை மில்லிமீட்டர் துருத்தியிருந்தாலும் முனை உருகி, பிளாஸ்மாவில் கலந்து அதை அணைத்துவிடும். உங்கள் இயக்குநருக்கு எழுதினேன். "பார்க்கலாம்" என்றார். உலைக் கலனை மூடுவதற்குள் நீங்கள் ஒருமுறை பாருங்கள். எனக்காக வேண்டாம், சுவருக்காக.

கணக்குக்காரி

மார்ச் 14

கணக்கு மேடத்துக்கு,

படுத்துக்கொண்டே உள்ளே போய், அடிச்சுவரை ஒவ்வொன்றாக அளந்தேன். நாற்பத்திரண்டு ஒழுங்கு. நாற்பத்து நாலு துருத்துகிறது, முனையும் நீலம் பாரித்திருக்கிறது. உன் கணக்கு ரெண்டு டைல் தள்ளிப்போச்சு!

மூடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இயக்குநர் கூப்பிட்டு, "இது நீ சொல்றியா, உன் மனைவி சொல்றாங்களா?" என்றார். "டைல் சொல்லுது சார்" என்றேன். அந்த டைலை மாற்றப் பத்து நாள் தாமதம். வீண் என்று தெரிந்தால் என் வேலை போகும்.

ரெண்டு வருஷத்துக்கு முன் எல்லோர் எதிரிலும் "இவ கம்ப்யூட்டர்ல சுவர் உருகுது, எனக்கு இங்க கை சுடலையே" என்று சிரித்தேன். மறுநாள் நீ பெட்டியைக் கட்டினாய். அந்தச் சிரிப்பு தப்பு. இதை போனில் சொல்ல வாய் வரவில்லை.

வெல்டர்

மார்ச் 21

வெல்டருக்கு,

"பக்கம்" என்றுதானே எழுதினேன்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

உங்கள் அளவுகளை வைத்துத் திரும்பப் போட்டேன். அப்படியே விட்டிருந்தால் அந்த டைல் உருகியிருக்கும், சந்தேகமே இல்லை. தாள்களை இணைத்திருக்கிறேன். இயக்குநர் மேசையில் வையுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனியாக நிற்க வேண்டாம்.

கடைசிப் பத்தியை நாலு முறை படித்தேன். ஐந்தாவது முறை அழுகை வந்துவிட்டது. அதனால் நிறுத்தினேன்.

உங்கள் கணக்குக்காரி

ஏப்ரல் 9

அன்புள்ளவளே,

நேற்று ஓட்டினோம். முழு சக்தி, நாற்பது விநாடி! கேமராவில் பார்த்தோம், சுவரில் ஒரு கீறல் இல்லை. இயக்குநரே கை தட்டினார். "யாருப்பா அந்த டைலைப் பார்க்கச் சொன்னது?" என்று புதிதாக வந்த இன்ஜினீயர் கேட்டார்.

"என் வீட்டுக்காரி" என்றேன், யோசிக்காமல்.

அப்புறம்தான் எனக்கே உறைத்தது. ஆட்சேபணை இருந்தால் எழுது.

அன்புடன்,
உன்னவன்

ஏப்ரல் 15

என்னவருக்கு,

ஆட்சேபணை இருக்கிறது. ஒற்றை அறையில் ஸ்டவ்வுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற மனுஷனுக்கு ஏது வீட்டுக்காரி? முதலில் வீடு பாருங்கள். ரெண்டு அறை, ஜன்னல் ஓரம் எனக்கு ஒரு மேசை. மாற்றல் கேட்டு இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பெட்டி பெரியது, தனியாகத் தூக்க முடியாது. இருபத்தெட்டாம் தேதி காலை ரயில். வந்து நில்லுங்கள்.