இடாப்பின் கடைசிப் பெயர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், அந்தப் பேக்கரியின் பக்கவாட்டுப் படிக்கட்டில் ஏறும்போது பாண் வேகும் வாசமும் கூடவே ஏறி வருகிறது. முதல் வளைவுவரை அது சூடாக இருக்கும். அதற்கு மேலே ஈரச் சுவரின் வாசம் அதைத் தின்றுவிடும். மூன்று மாதங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறுகிறேன். மேலே உன் கல்லூரியை நீ நடத்திய இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. "ஒரு நா ஏறித்தான் பாரேன் கெம்பஸ், ஒன் பட்டம் என்னா உதிந்தா போயிரும்?" என்று கேட்பாய். உதிர்ந்துவிடும் என்றுதான் பயந்தேன். நீ போன பிறகு இதைச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நீ சிரிக்க மாட்டாய்.

நாம் இருவரும் தலவாக்கலைக்குக் கீழே ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில், மூன்று காம்பரா தள்ளிப் பிறந்தவர்கள். உயர்தரத்தில் ஒரே வணிகப் பிரிவு, உட்கார்ந்ததும் ஒரே வாங்கு. கணக்கியலில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. ஆனால் பெறுபேறு வந்தபோது நம் மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே நான் நின்றேன், மூன்று புள்ளி கீழே நீ நின்றாய். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. நம் பக்கத்தில் அதற்குக் கெம்பஸ் என்றுதான் பெயர். மாரியம்மன் கோவிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நம் தோட்டத்து முதல் கெம்பஸ் பிள்ளை என்று தோட்டத் தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். பொன்னாடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நீ. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் பொறாமை இல்லாமல் நான் நின்ற கடைசி நாள் அதுதான். அன்றிலிருந்து என் பெயரை விட்டுவிட்டுக் கெம்பஸ் என்றே கூப்பிட்டாய்.

நீ கொழும்புக்குப் போனாய். பகலில் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை. மாலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி. இரண்டு அறை, பதினெட்டுப் பேர். அதை நீ கல்லூரி என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஒரு தீபாவளிக்கு லயத்துக்கு வந்தபோது, வாசலில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாய்.

"நம்ம அம்மா போற பெரட்டு மாதிரிதான்டா. போன ஒடனே பேரு கூப்புடுவாங்க. ஒரு நா நான் போகல. மறுநா அந்த சேர் கேக்குறாரு, எங்கடா போயிருந்தே, ஒன் எடத்தப் பாத்துப் பாத்து பாடமே நடத்த முடியலன்னு."

கொழுந்து பறிக்கப் போகுமுன் நம் அம்மாமார் பெரட்டுக்களத்தில் குளிரில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேலைக்கு ஆள் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கூப்பிடப்படும் பெயர்களைத்தான் அதுவரை கேட்டிருந்தோம். ஆளைக் காணோமே என்று தேடிக் கூப்பிடும் பெயர் உனக்குக் கிடைத்திருந்தது. கையிலிருந்த பாதி முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

என் விரிவுரை மண்டபத்தில் முந்நூறு பேர். வரவுக்கு ஒரு தாள் சுற்றி வரும். வராதவனுக்கும் யாராவது கையெழுத்து வைப்பார்கள். என் பெயர் அங்கே ஒரு சுட்டெண். நான்கு வருஷப் படிப்பு, வேலைநிறுத்தமும் மூடலுமாக ஆறு வருஷம் இழுத்தது. அந்த ஆறு வருஷத்தில் எந்த விரிவுரையாளரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். "அந்த நீலச் சட்டை, கதவைச் சாத்துங்க" என்றார்.

நீ ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தாய். நூலகத்தைக் காட்டினேன். ஒரு புத்தகத்தின் முதுகை, கடையில் துணியின் தரம் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தடவிப் பார்த்தாய். "இவ்வளவும் ஒங்களுக்காடா?" என்றாய். எனக்கு அன்று மிகுந்த சந்தோஷம். அதை ஒளிக்கப் போவதில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தில் என்னை ஒருவருக்கும் தெரியாது என்பதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் ஒருவேளை கடைசிவரை நண்பர்களாக இருந்திருப்போம்.

நான் பட்டத்தோடு லயத்தில் இரண்டு வருஷம் வேலையில்லாமல் கிடந்து, வலப்பனைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்தேன். நீ அதற்குள் ஒரு கணக்காய்வாளரிடம் வேலை பழகி, பரீட்சைகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டாய். பிறகு ஹட்டனுக்குத் திரும்பி, பேக்கரி முதலாளியிடம் மாடியை வாடகைக்கு எடுத்தாய். கெம்பஸ் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கணக்கியல், ஆங்கிலம், கணினி. முதலில் பத்துக் கதிரை, பிறகு இருபது. வங்கிக்குப் போனாலும் தோட்டத்து ஒப்பீசுக்குப் போனாலும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை, தான் உன்னிடம் படித்ததாகச் சொன்னது. என்னிடம் படித்த பிள்ளைகளும் எங்கேயாவது இருப்பார்கள். என் கண்ணில் படுவதில்லை.

என் பாடசாலையில் பெற்றோர் கேட்பார்கள், கெம்பஸ் கிடைக்காவிட்டால் தனியாரில் சேர்க்கலாமா சேர் என்று. இன்னொரு தடவை எழுதட்டும் என்பேன். மற்றதெல்லாம் கடை என்பேன். அரச பல்கலைக்கழகத்தின் அருமையை நினைத்துச் சொன்னதல்ல அது. அந்தப் பிள்ளைகள் உன் படியேறக் கூடாது என்பதற்காகச் சொன்னது.

என் மகள் தர்ஷினி முதல் தடவை உயர்தரம் எழுதி, வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த வாரம் நீ வீட்டுக்கு வந்தாய். புள்ளையை எங்கிட்ட அனுப்பு, சும்மா திருப்பித் திருப்பி எழுதிக்கிட்டுக் கெடக்க வேணாம் என்றாய்.

"என் மக பேக்கரிக்கு மேல படிக்கப் பொறக்கல" என்றேன்.

என் மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றாள். நீ எழுந்து போய் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாய். "கீழயும் அடுப்பு, மேலயும் அடுப்புதான் கெம்பஸ். என்னா, நம்ம பாணு வேக ரெண்டு வருஷம் ஆகும்" என்று சிரித்தாய். கடைசி மிடறுவரை குடித்துவிட்டுத்தான் போனாய். அந்த நிதானத்தையும் நான் மன்னிக்கவில்லை.

இரண்டாம் தடவை அவள் இன்னும் கீழே போனாள். மறுநாள் காலையில், தலையைப் பின்னிக்கொண்டே, மாமாவிடம் கேட்டுப் பாருங்களேன் என்றாள். நானே கேட்கிறேன் என்று பஸ் ஏறினேன். உண்மையாகவே கேட்கத்தான் வந்தேன். பேக்கரிக்கு முன்னால் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், மாடிச் சன்னலை மறைத்து ஒரு பதாகை. அதில் உன் மகனின் படம். அரச பல்கலைக்கழகத்துக்கு, பொறியியலுக்குத் தெரிவாகியிருக்கிறான். நீ கீழே பாண் வாங்கிக்கொண்டு நின்றாய்.

"ஒன் கடையிலயே சேத்திருக்கலாமே" என்றேன்.

"கெடச்சவன் போகணும்டா" என்றாய். "கெடைக்காதவனுக்குத்தான் நான் கட வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுப் பதாகையைப் பார்த்தாய். கோவிலில் தட்டோடு நின்றபோது நான் பார்க்கத் தவறிய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். முப்பது வருஷமாக நீயும் அந்த மூன்று புள்ளியை விட்டிருக்கவில்லை. அது தெரிந்ததும் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்குத் தவறிப்போன கெம்பஸும் கடைசியில் உன் வீட்டுக்கே வந்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

வந்த விஷயத்தைக் கேட்காமலேயே அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். தர்ஷினி வாசலில் நின்றாள்.

"எடமில்லன்னுட்டான்" என்றேன். "அன்னைக்கி நாம வேணான்னு சொன்னத மனசுல வச்சிக்கிட்டுப் பேசுறான்."

மனசில் வைத்துக்கொள்வது என் பழக்கம், உன்னுடையதல்ல. அவளுக்கு அது தெரியாது, நம்பிவிட்டாள். மூன்றாம் தடவைக்காக மறுபடி அதே புத்தகங்களை எடுத்தாள். தெருவில் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு நாள் நீயே என்னை நிறுத்திக் கேட்டாய், நம்ம புள்ள என்னயப் பாத்தா அந்தப் பக்கமா போகுதே, என்னா கெம்பஸ் என்று. பரீட்சைப் பதற்றம் என்றேன். அதானே என்று தலையாட்டினாய்.

பிறகு ஒரு காலையில் அந்தப் படிக்கட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழும்பவில்லை என்றார்கள். உன் வீட்டிலிருந்து பஸ் நிலையம்வரை துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டினார்கள். உன்னிடம் படித்த பிள்ளைகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கொழும்பிலிருந்தெல்லாம் வந்து வரிசையாக நின்றார்கள். நான் ஊர்வலத்தில் நடந்துகொண்டே, எனக்கு யார் யார் வருவார்கள் என்று மனசுக்குள் பார்த்தேன். வரிசை ஒரு வளைவைக்கூடத் தாண்டவில்லை. தர்ஷினி வரவில்லை. எடமில்லன்னவங்க வீட்டுக்கு நான் எதுக்கு என்று சொல்லிவிட்டாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த மாதம் மூன்றாம் பெறுபேறு வந்தது. கிடைக்கவில்லை. அதற்கு மேல் எத்தனை தடவை எழுதினாலும் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க மாட்டார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயசு. கல்லூரியை இப்போது நடத்தும் உன் மனைவி சாந்தியிடம் தானே போய்க் கேட்பதாகவும், அங்கேயும் இடமில்லையென்றால் கொழும்பில் கடை வேலைக்குப் போவதாகவும் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். அவளைத் தனியே விட்டால் உன் மனைவி எதையாவது சொல்லி என் பொய் வெளியே வந்துவிடும். நான் முந்திக்கொண்டு பேசினால் மூடிவிடலாம். அப்படித்தான் முதல் தடவை உன் படியேறினேன்.

சாந்தி உன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு தொடங்கும் நேரம், பிள்ளைகளும் வந்துவிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்வதற்கு ஒரு படிவம் கேட்டேன்.

"படிவம் எதுக்குண்ணே, புள்ள பேருதான் இருக்கே" என்று சொல்லி, உன் வரவு இடாப்பை எடுத்துப் பிரித்து வைத்தாள்.

உன் கையெழுத்து. எல்லாப் பெயரும் நீல மையில். கடைசி வரியில் மட்டும் பென்சிலால் தர்ஷினி. போன வருஷத்து இடாப்பையும் எடுத்துக் காட்டினாள். அதிலும் கடைசி வரியில் அதே பென்சில். வந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் வராத பிள்ளைகளுக்குப் பூச்சியமும் போட்டிருந்தாய். அவள் பெயருக்கு நேரே பூச்சியம் இல்லை. மாதம் மாதமாக வெறும் கட்டங்கள்.

முன் கதிரையில் இருந்த ஒரு பெண் பிள்ளை எட்டிப் பார்த்தது. "அந்தப் பேர பெரிய சேர் தெனமும் கூப்புடுவாரு சேர். யாருமே எந்திரிக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் கதவப் பாப்பாரு, அப்புறம் மூடிருவாரு. நாங்க பேய்ப் புள்ளன்னு சொல்லிச் சிரிப்போம்" என்றது. அதற்குப் பிறகுதான் கதவருகே நின்றவளைக் கவனித்து வாயைப் பொத்திக்கொண்டது.

தர்ஷினி இடாப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எடமில்லன்னு சொன்னீங்களேப்பா" என்றாள். சத்தமே போடவில்லை.

கீழே பாண் தட்டுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. சாந்திக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நீ போன பிறகு பெயர் கூப்பிட யாருக்கும் மனசு வரவில்லை, ஒரு தாளைத்தான் சுற்ற விடுகிறோம் என்றாள். தாள் என்றதும் எனக்கு என் முந்நூறு பேர் மண்டபம் ஞாபகம் வந்தது. "இன்னைக்கி நீங்க கூப்புடுங்கண்ணே" என்று பேனாவை நீட்டினாள்.

கூப்பிட்டேன். ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்தபோது, அவள் பின்னால் கிடந்த வெறும் கதிரையில் போய் உட்கார்ந்திருந்தாள். தர்ஷினி என்றேன். அவள் பிறந்த பதினோராம் நாள் நான்தான் காதில் சொன்ன பெயர். அதன் பிறகு அதை இவ்வளவு பயந்து சொன்னதில்லை.

எழுந்து நின்றாள். "வந்திருக்கேன் சேர்" என்றாள்.

அன்றைய கட்டத்தில் பேனாவால் ஒன்று போட்டேன். உன் பென்சில் எழுத்தின்மேல் மை தடவவில்லை.

வீட்டில் அவள் என்னிடம் பேசுவதில்லை. சோறு ஆறுவதைக்கூட அம்மாவிடம்தான் சொல்கிறாள். அப்பா என்ற சொல் அன்று அந்த மாடியில் கேட்டதோடு சரி. கிழமை நாட்களில் சாந்தி பெயர் கூப்பிடுகிறாள், சனிக்கிழமை நான் வருகிறேன். நீ இரண்டு வருஷம் கூப்பிட்டும் பதில் வராத பெயருக்கு எனக்குப் பதில் வருகிறது, இந்த ஒன்றிலாவது உன்னை முந்திவிட்டேன் என்று முதல் வாரம் நினைத்தேன். நான் அப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். இரண்டாம் வாரம் அந்த நினைப்பு நிற்கவில்லை. அவள் வந்திருப்பது நீ கூப்பிட்டதற்கு.

ஆனாலும் வாரம் முழுக்க அந்த இரண்டு சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். பாண் வாசத்தைக் கடந்து, ஈரச் சுவரைக் கடந்து ஏறி வந்து, முதல் பெயரிலிருந்து தொடங்குகிறேன். கடைசிப் பெயர்வரை அவள் தலை குனிந்தே இருக்கும். கூப்பிட்டதும் எழுந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். ஒன்று போட்டுவிட்டு, பழைய பக்கங்களைத் திருப்பி உன் வெறும் கட்டங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, இடாப்பை மூடுகிறேன்.