பாதிப் பூசணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ‘இங்கு அனைவரும் நலம்’ என்று தொடங்கித்தான் கைக்குப் பழக்கம். இன்று அந்த வரியை எழுதாமல் விடுகிறேன்.

நீ எழுதி அனுப்பிய பூசணி சூப் செய்தேன். வெங்காயம், பூண்டு வதக்கி, மஞ்சள் பூசணியும் மைசூர்ப் பருப்பும் போட்டு வேகவிட்டேன். அதுவரை நல்லபிள்ளை. மிக்ஸி மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை. முப்பது வருஷம் ஊரார் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன், நம் வீட்டு அடுப்படிக்கு முதல் கோட் சூப்பில் அடித்தேன். உன் அம்மா பார்த்துச் சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது.

ஆமாம் கண்ணு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நான் சூப்பில் மறைத்தேன். குளிருக்குச் சூப் குடிக்க ஆசையாக இருக்கிறது என்று உன்னிடம் செய்முறை கேட்டது எனக்காக இல்லை. அம்மா போனுக்கு வராததும் தொண்டைக்கட்டால் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உனக்குப் பரீட்சை முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று அவள்தான் குழறிக் குழறிச் சத்தியம் வாங்கினாள்.

கை, கால் தேறிவிடுமாம். விழுங்குவதுதான் கவலை. அதற்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிப் பெண் படித்துப் படித்துச் சொன்னார்: “தண்ணியா எதுவும் குடுத்துடாதீங்கய்யா, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். கரண்டியைச் சாய்ச்சா மெதுவா வழுக்கி விழணும்.” எனக்கா பதம் தெரியாது என்று மிதப்பாகத் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு வாய் விழுங்கவே திணறினாள். பார்க்கப் பொறுக்கவில்லை. பிரஷ் இழுபட்டால் பெயின்டை இளக்குவேன் அல்லவா, அதே புத்தியில் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றிக் கலக்கிவிட்டேன். மூன்றாவது கரண்டியில் புரையேறியது. இருமலும் நின்று, உதடு நீலமாகிவிட்டது. முதுகில் தட்டிக்கொண்டே கத்தினேன். எதிர்வீட்டு நர்ஸ் ஓடி வந்து முன்னால் குனிய வைத்துத் தட்டிய பிறகுதான் மூச்சு திரும்பியது.

மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று பயமில்லாமல் வேலை செய்தவன், இப்போது ஒரு கரண்டியைத் தூக்கப் பயப்படுகிறேன். அவள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு இருக்கிறேன். நேற்று, “பயந்தாங்கொள்ளி, குடுய்யா. ஆறுது” என்றாள். கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். அது இறங்கும்வரை எனக்கும் மூச்சு இல்லை. நாலே வாய். ராத்திரியிலிருந்து உடம்பு லேசாகச் சுடுகிறது. வெயில் தாழ்ந்தால் குளிர்கிற காலம், அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எதிர்வீட்டு நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை; அன்று புரையேறியது நுரையீரலில் தங்கியிருக்கலாம் என்கிறார். நாளைக் காலையில் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

திங்கட்கிழமை விழுங்கும் பரிசோதனை. தேறாவிட்டால் மூக்கு வழியே குழாய் போடுவார்களாம். அம்மாவுக்கு அது தெரியாது. தெரியாத மாதிரி இருக்கிறாள்.

போனில் சொன்னால் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் நீ படிக்கும் ஊருக்குத் திரும்பும் உன் தோழியின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன்னை வா என்று நான் எழுதவில்லை. சத்தியத்தில் பாதியையாவது காப்பாற்ற வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். நீ அனுப்பியதில் ‘மிளகுத்தூள் தூவி இறக்கி வைக்கவும்’ என்பதோடு முடிந்துவிட்டது. இறக்கி வைத்த பிறகு என்ன செய்வது என்று நீ எழுதவில்லையே கண்ணு.

பாதிப் பூசணியை வெட்டாமல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வரை தாங்கும்.

நன்றாக இரு. எங்கே இருந்தாலும் மெதுவாகச் சாப்பிடு.

உன் அப்பா