கம்பி கழற்றிய பிறகு

பிரமாதி வருடம், ஆடி 12.

குமாரபாளையத்து நெசவாளி மாரப்பனின் முடங்கிய காலில் இன்று என் வைத்தியசாலையில் பாட்டரி வைத்துப் பார்த்தேன். பாதத்தில் கட்டிய நூல் அசைந்தால், சுழலும் உருளையில் சுற்றிய, புகைக்கரி படிந்த தாளில் முள் மேலும் கீழுமாகக் கீறும்; அசையாவிட்டால் நேர்கோடு. பத்து முறை மின்சாரம் கொடுத்தும் நேர்கோடுதான்.

"ஒண்ணுமே தெரியலீங்க சாமி," என்றான்.

பாட்டரிக் கம்பிகளை மட்டும் கழற்றிவிட்டு, கால் செத்துவிட்டது என்று அவன் மனைவியிடம் சொன்னேன்.

"அப்பத் தறிய வித்துப்போடறனுங்க," என்றாள்.

அவர்கள் கிளம்பும்வரை பாதத்து நூலை அவிழ்க்கவில்லை; உருளையை நிறுத்தவும் மறந்திருக்கிறேன். அவர்கள் போன பிறகு தாளை எடுத்தேன். நேர்கோட்டுக்குப் பின் ஒரே சீராக ஏற்றமும் இறக்கமும், தறிப்பலகை மிதிக்கும் தாளத்தில். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கம்பியில்லாத கால் தறி மிதித்திருக்கிறது.

விற்பதற்குள் போய்ச் சொல்ல வேண்டும். இப்போதும் அவனுக்குத் தெரியாமல் அது மிதித்துக்கொண்டிருக்கும்.