தங்க ஹெல்மெட்

மார்ச் 4, புதன்

இன்றைக்கு ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் இல்லை, வெட்கக்கேடான பொய். இன்னும் வெளியே வராத ஒரு கார் ரேஸ் கேமுக்குக் கடையில் போய்ப் பணம் கட்டி முன்பதிவு செய்துவிட்டு, "பையனுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். பையன் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போய்விட்டான். அவன் விட்டுவிட்டுப் போன கேம் பெட்டியில் விளையாடுகிறது நான். ஐம்பதைத் தாண்டின நான்.

வரிசையில் நின்றதெல்லாம் மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற முகங்கள். நான் ஹோட்டல் லாண்டரியில் துணி தேய்க்கிறவள், வேலை முடிந்து அப்படியே சீருடையோடு போயிருந்தேன். தரை துடைக்க வந்தவள் என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். நானும் மறுப்புச் சொல்லாமல் நேராக முன்னால் போய் நின்றுகொண்டேன்.

கடையில் இருக்கிற கண்ணாடிக்காரர் தேன் ஒழுகப் பேசுகிறார்.

"இப்பவே புக் பண்ணினா கேமுக்குள்ள போட்டுக்கத் தங்க ஹெல்மெட் இலவசம் மேடம்."

"பண்ணலேன்னா கேம் தீர்ந்து போயிடுமா?"

"தீராது மேடம். நெட்ல இருந்துதான் இறங்கும். எத்தனை பேர் வாங்கினாலும் இருக்கும்."

"தீராத சாமானுக்கு எதுக்குங்க முன்பதிவு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். "தங்க ஹெல்மெட் மேடம்," என்றார்.

நியாயமான பதில்தான். கட்டிவிட்டேன். ஆனால் ஹெல்மெட்டுக்காக இல்லை, பிரேக்கம்மாவுக்காக. அதை அப்புறம் எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

மார்ச் 8, ஞாயிறு

பிரேக்கம்மா என்றால் என் நாத்தனார், இவருடைய தங்கை. மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கேமில் வளைவுக்கு வளைவு பிரேக் போடுவாள். நேர் ரோட்டிலும் ஒரு தைரியத்துக்குப் போட்டுக்கொள்வாள். நான் பிரேக் எந்தப் பொத்தான் என்று இதுவரைக்கும் பார்த்து வைத்ததில்லை. சுவர் எதற்கு இருக்கிறது?

ஞாயிறு சாயங்காலம் ஆனால் இங்கே வந்துவிடுவாள். இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து மலைப்பாதை ரேஸ் ஓட்டுவோம். வேடிக்கை என்னவென்றால், எதிரெதிரே உட்கார்ந்தால் எங்களுக்குப் பேச்சே வராது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். "சாப்டாச்சா?" "ஆச்சு." "அங்க?" "ஆச்சு." அதோடு சரக்கு தீர்ந்துவிடும். பையன் போனபிறகு ஒருநாள், வேறு எதைப் பேசுவது என்று தெரியாமல் கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்க்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

போன வருஷம் மார்பில் ஒரு கட்டி, பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதைப் புருஷனுக்குச் சொல்லுவதற்கு முன்னால் என்னிடம்தான் சொன்னாள். பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது சொன்னாள். நான் ஆற்றில் விழுந்துவிட்டேன். அவள் ஜெயித்துவிட்டாள். பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. "ஜெயிக்கத்தானே சொன்னே?" என்று இன்றைக்கும் கேட்பேன்.

இப்போது அவள் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல். மாசக் கடைசியில் கிளம்புகிறார்கள். பழைய கேமில் ஒரே சோபாவில் உட்கார்ந்தால்தான் சேர்ந்து ஓட்டலாம். புதுசில் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து ஓட்டலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறான். அதுதான் சங்கதி.

"நீயும் ஒண்ணு புக் பண்ணிடு," என்றேன்.

"தக்காளியையே அமுக்கிப் பார்த்து வாங்குறவ நான். இன்னும் செஞ்சு முடிக்காத சாமானுக்குக் காசு குடுப்பேனா அண்ணி?"

"எல்லாத்தையும் அமுக்கிப் பார்த்தா வாங்க முடியும்?"

"எங்க அண்ணனை ரெண்டு வருஷம் பார்த்துப் பழகித்தானே கட்டிக்கிட்டீங்க? அப்படியும் ஏமாந்தீங்கல்ல? அப்போ கண்ணால பார்க்காத பொருள்ல எவ்வளவு ஏமாறுவீங்க, நீங்களே யோசிங்க."

உள்ளேயிருந்து இவர், "நான் இங்கதான் இருக்கேன்," என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

இவர் கேட்கிறார்: "முன்பதிவுன்னா ஜன்னல் சீட்டு கேட்டியா?"

மார்ச் 15, ஞாயிறு

அவளுக்கும் சேர்த்து ஒன்று புக் பண்ணிவிட்டேன். அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக்காரர், "ரெண்டு பசங்களா மேடம்?" என்றார். "ஆமாங்க, ரெட்டை," என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் நாக்கு கூசக்கூடாது.

பையனிடம் போனில் சொன்னால் வைகிறான். "வெளிய வரட்டும்மா, நாலு பேர் விளையாடிப் பார்த்து நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லுவாங்க, அப்புறம் வாங்கலாம். கொஞ்ச நாள் போனா பாதி விலைக்கே தருவான்."

"உன்னைக்கூட ஒன்பது மாசம் முன்னாடியே புக் பண்ணினேன். சொன்ன தேதிக்கு வரல. வந்தப்புறம் திருப்பிக் குடுக்கவும் வழியில்ல. நான் ஏதாவது சொன்னேனா?"

போனை அவன் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டான். அவள் சிரிப்பை அடக்குகிறது எனக்குக் கேட்டது.

பிரேக்கம்மா புது வீட்டுக்கென்று செகண்ட் ஹேண்டில் ஒரு கேம் பெட்டி வாங்கியிருக்கிறாள், பழைய கேமோடு. வாங்குவதற்கு முன்னால் அதை முன்னும் பின்னும் புரட்டி, கடைசியில் முகர்ந்தும் பார்த்தாளாம். என்ன வாசனை வரணும் என்று எதிர்பார்த்தாளோ.

மார்ச் 29, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். சாமானெல்லாம் வண்டியில் ஏறியபிறகு வாசலில் அவளும் நானும் எதிரெதிரே நின்றோம். நின்றோமா, பேச்சு வரவில்லை.

"சாப்டாச்சா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு."

அவளுக்கென்று புக் பண்ணின கடை ரசீதை மடித்து அவள் கைப்பைக்குள் திணித்தேன். வண்டி தெரு முனை திரும்பினதும் மெசேஜ் வந்தது: 'அண்ணி உங்களுக்குப் பைத்தியமா'. கீழே இன்னொன்று: 'எந்த தேதி'.

ஏப்ரல் 5, ஞாயிறு

சாயங்காலம் போன் பண்ணினேன். என்ன சமையல் என்று கேட்டேன். சொன்னாள். என்னைக் கேட்டாள். சொன்னேன். அங்கே மழையா என்றேன். இல்லையாம். இங்கேயும் இல்லை.

வைத்துவிட்டோம்.

ஏப்ரல் 11, சனி

அடுத்த வாரம் வரவேண்டிய கேமை மே எட்டாம் தேதிக்குத் தள்ளிவிட்டான். 'இன்னும் மெருகேற்றுகிறோம்' என்று அறிவிப்பு. நான் சட்டையைத் தேய்க்காமல் ஈரத்தோடு நிறுத்தி வைத்துக்கொண்டு, அறையில் துண்டோடு உட்கார்ந்திருக்கிற ஆளிடம் மெருகேற்றுகிறேன் என்று சொன்னால் மேனேஜர் என்னை மெருகேற்றி வெளியே அனுப்பிவிடுவார்.

ஒரு நல்லது. பிரேக்கம்மாவும் நானும் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே போனில் நிறைய நேரம் பேசினோம். திட்டி முடித்ததும் பேச்சும் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்றைக்கு இரண்டு பேருமே கூப்பிடவில்லை.

மே 8, வெள்ளி

வந்துவிட்டது! லீவு போட்டேன், பல்வலி என்று சொல்லி. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு நம்பர். அவ்வளவுதான். இத்தனை பெரிய அட்டைப்பெட்டி எதற்கு? மடித்து வைத்தால் என் குளிர்காலத் துணி மொத்தமும் அதில் அடங்கும்.

அவளுடைய பெட்டி நம்பரை அவளுக்கு மெசேஜில் அனுப்பிவிட்டு, என் நம்பரைப் போட்டு, இறங்கட்டும் என்று காத்திருந்து, வீட்டுத் துணி முழுக்கத் தேய்த்து முடித்தேன். இவர் கைக்குட்டை வரைக்கும் மடிப்பு வைத்தாயிற்று. சாயங்காலம்தான் திறந்தது.

தங்க ஹெல்மெட்டை மாட்டினேன். மாட்டிக்கொண்டு பார்த்தால், கார் பின்பக்கமிருந்து மட்டும்தான் தெரிகிறது. தலை காருக்குள்ளே. ஹெல்மெட் போட்டிருப்பது எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும்.

"நல்லாத்தான் இருக்கும், இருட்டுல," என்றார் இவர்.

இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நாளைக்குத் தேடிப் பார்க்க வேண்டும்.

மே 9, சனி

இல்லவே இல்லையாம்.

தேடு தேடுன்னு தேடிட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டா, "அது அப்புறமா அப்டேட்ல வரும்மா, கீழே பொடி எழுத்துல போட்டிருக்கான் பாரு"ங்கிறான். பொடி எழுத்து! எறும்பு படிக்கறதுக்கா எழுதினான்? எதுக்காக வாங்கினேனோ அது மட்டும் இல்ல, மத்ததெல்லாம் இருக்கு. வானவில் கலர்ல டயர் இருக்கு. காருக்கு வால் வைக்கலாம். ஆறு விதமா ஹாரன் அடிக்கலாம். யாரைப் பார்த்து அடிக்கிறது?

கடைக்குப் போனேன். நம்பரைப் போட்டுவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். கண்ணாடிக்காரர், "பசங்க ரொம்ப வருத்தப்பட்டாங்களா மேடம்?" என்று கேட்டார். "ஒருத்தி ரொம்ப வருத்தப்படுறா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் எதிரே வந்த கம்பத்தோடு சண்டைக்குப் போகாத குறை.

பிரேக்கம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்: 'தக்காளி அழுகல்'. பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை. சொன்னேன்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவளுக்குத்தான் சாக்கு கிடைத்ததே, ஏன் சொல்லவில்லை? அவளும் இதை நம்பியா இருந்தாள்?

மே 10, ஞாயிறு

சாயங்காலம் போன் அடித்தது. இங்கே இருந்தபோது வாசலில் அவள் செருப்பைக் கழற்றுகிற அதே நேரம்.

"அண்ணி, பழைய கேமைப் போடுங்க. மலைப்பாதை."

"நீ அங்க தனியா, நான் இங்க தனியா. உன் கார் எனக்குத் தெரியாது, என் கார் உனக்குத் தெரியாது. இதென்ன ரேஸ்?"

"வாய் இருக்குல்ல? எங்க இருக்கோம்னு சொல்லிக்கிட்டே ஓட்டுவோம். போனை ஸ்பீக்கர்ல போடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

ஓட்டினோம்.

"பாலம்!" என்று கத்தினேன்.

"நான் பாலம் தாண்டியாச்சு."

"புளுகாதே. அதுக்குள்ள எப்படி?"

"பிரேக் போடுறதை விட்டுட்டேன் அண்ணி. நீங்க இப்ப எங்க?"

"குகை." அப்போது நான் ஆற்றில் கிடந்தேன்.

முதல் ரேஸில் அவள் முதலிடம், நானும் முதலிடம். இரண்டாவதிலும் அப்படியே. இப்படி ஒரு ரேஸை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

மூன்றாவது ரேஸ். குகைக்குள் போகும்போது சொன்னாள்:

"இங்க வந்ததுல இருந்து, அவரைத் தவிர ஒருத்தரும் எங்கிட்ட பேசல அண்ணி. நேத்து காய்கறிக் கடையில மீதிச் சில்லறை சரியா இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டேன். சரியாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு இன்னொரு வார்த்தை பேசட்டுமேன்னு கேட்டேன்."

கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்து, பிரேக் பொத்தானைத் தேடி அழுத்தினேன். கார் நடுரோட்டில் நின்றது. இத்தனை நாளில் முதல் தடவையாகச் சுவர் இல்லாமல் நின்றது.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

"உனக்குப் பின்னாடிதான்," என்றேன்.

இன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

மே 31, ஞாயிறு

ரேஸ். நான் முதலிடம். அவளும். நிறையப் பேசினோம், பாதி அவள் வீட்டுக்காரரைப் பற்றி, மீதி என் வீட்டுக்காரரைப் பற்றி. இவருக்குக் காது அரிக்கிறதாம்.

ஜூன் 13, சனி

அப்டேட் வந்துவிட்டது. புதுசில் இப்போது நிஜமாகவே அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து ஓட்டலாமாம். பையன் கூப்பிட்டுச் சொன்னான். விலை பாதி ஆனதையும் சேர்த்துச் சொன்னான். பெற்ற பிள்ளை சொல்லாமல் விடுவானா?

கடைப் பக்கம் போனேன். ஜன்னலில் கேம் குவிந்து கிடக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம், தங்க ஹெல்மெட்டும் எல்லோருக்கும் உண்டு. கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

"அடுத்த பாகம் அறிவிச்சிட்டாங்க மேடம். இப்பவே புக் பண்ணினா தங்கக் கையுறை."

"கார் ஜன்னல் வழியா கை வெளிய தெரியுமா?"

யோசித்தார். "விசாரிச்சுச் சொல்றேன் மேடம்."

"விசாரிங்க. கேம் வெளிய வந்து, நாலு பேர் திட்டி முடிச்சு, விலை இறங்கினப்புறம் பசங்களைக் கூட்டிட்டு வரேன்."

சிரித்துவிட்டார். நல்ல மனுஷன். அவருக்கும் சம்பளம் அதில்தானே.

ஜூன் 14, ஞாயிறு

"அப்டேட் வந்திருக்கு. இனிமே உன் கார் எனக்குத் தெரியும், என் கார் உனக்குத் தெரியும். போடலாமா?" என்று கேட்டேன்.

"யாரு முன்னாடி போறாங்கன்னு தெரிஞ்சிடுமே அண்ணி."

"தெரிஞ்சிடும்."

"பழசே இருக்கட்டும்."

ஜூன் 28, ஞாயிறு

வழக்கமான நேரம், மலைப்பாதை. அவளுக்கு அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது, பாலத்தில் சொன்னாள். நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம், முதலாளி ஓயாமல் தும்முகிறாராம், சொந்தக் கடை மருந்தை மட்டும் தொடுவதில்லையாம். குகைக்குள் போகும்போது அவள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும் பாத்திரம் உருளுகிற சத்தமும் கேட்டன. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசி வளைவில் அவளை முந்திவிட்டேன் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது இவர் அறைக்குள் வந்தார். "டிவியே போடல, யார்கிட்ட இந்தக் கத்து கத்துறே?" என்று நல்ல சத்தமாகக் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் குழாய் நின்றது.

"அண்ணனுக்கு என்னவாம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

கொஞ்ச நேரத்தில் குழாய் மறுபடியும் திறந்தது.

வாயால் ஓட்டிக்கொண்டே சட்டை தேய்த்தவள், வளைவில் சாய்ந்தபோது இஸ்திரிப்பெட்டியைத் தூக்கவில்லை. இவருடைய நீலச் சட்டையின் முதுகில் பெட்டி அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. முன்பக்கம் நன்றாக இருக்கிறது. ரேஸில் நான் முதலிடம். அவளும்.