வெளியேறினார்

முன்னாள் நடுக்கள ஆட்டக்காரர், எட்டாம் எண் சட்டைக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும். முதலில் நலம் விசாரித்து, பிள்ளைகளின் படிப்பைக் கேட்டு, அப்புறம் விஷயத்துக்கு வருவதுதான் முறை. இன்று எனக்கு முறை பார்க்கப் பொறுமையில்லை. கிளப்பின் பொன்விழாவுக்கு வந்து முதல் பந்தை உதைத்துத் தொடங்கி வைக்கும்படி உங்களுக்கு அழைப்பு வந்திருக்கும். இருபத்தாறாம் தேதி. வராதீர்கள். மைதானத்தின் பக்கக் கதவுக்குப் போகும் சந்தில் நாலு பேர் இரும்புக் குழாயோடு நிற்கப்போகிறார்கள். அவர்கள் குறி உங்கள் முட்டி.

உங்கள்மேல் உள்ள பிரியத்தால் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். உங்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் கிளப் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தான், நினைவிருக்கிறதா? மொழியில் முதுகலை படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், உங்கள் காலணி அளவுகளைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தவன். ஆட்டம் முடிந்ததும் வாசலில் மாட்டும் கரும்பலகையில், யார் கோல் போட்டார், யார் எத்தனையாவது நிமிடத்தில் ஏன் வெளியே வந்தார் என்று சாக்பீஸால் எழுதுவதும் அவன் வேலைதான். குழுப் படம் எடுத்த அன்று, இருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் போய் நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, "சாக்பீஸ் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல தூள் விழும்" என்றீர்கள். பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆட்டக்காரர்கள் எதற்கும் சிரிப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், எனக்கு நிச்சயித்திருந்த பெண் தன் தம்பியோடு நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். அந்தப் படத்தில் நான் இல்லை. சாக்பீஸ் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைக்கு மளிகைக்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

உங்கள் ஆட்டத்தைப் பற்றி இங்கே இன்னமும் சண்டை ஓயவில்லை என்றால் நம்புவீர்களா? மைதானத்துக்கு எதிரே இரண்டு கடைகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்று சலூன். என் மனைவியின் தம்பி நடத்துகிறான். அன்றைக்கு வேலியோரம் நின்ற அதே பையன்தான், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். கண்ணாடிக்கு மேலே, பேப்பரில் வந்த உங்கள் படத்தைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தான். மற்றது வெல்டிங் பட்டறை. வெல்டரும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். இவன் கடைச் சாவி அவனிடம் இருக்கும், அவன் சாவி இவனிடம்.

தினமும் ஒரே வாக்குவாதம். "அவன் ஆட்டம் கரண்ட் மாதிரிடா. எப்ப வரும், எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது" என்பான் வெல்டர். "வந்தா எப்படி எரிஞ்சுதுன்னு சொல்லுடா, மெழுகுவத்தி" என்பான் என் மைத்துனன். ஒருவன் உங்கள் பாஸ்களை எண்ணுவான். இன்னொருவன் நீங்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற நிமிடங்களை எண்ணுவான். நான் மூலை நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

வெல்டர் சொன்னதில் பாதி சரிதான். அந்த வருட அரையிறுதியில் சேற்றில் மூன்று பேருக்கு நடுவே, தலையைக்கூடத் தூக்காமல், முப்பது கெஜத்துக்கு ஒரு பாஸ் கொடுத்தீர்கள். அது நம் ஆளின் ஓட்டத்தைக் குறைக்காமல் அவன் காலடியில் போய் விழுந்தது. அலுவலக ஜன்னலில் நின்றிருந்த நான் என்னையறியாமல் கத்திவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு, லீக்கில் கடைசி இடத்தில் இருந்த அணியோடு ஆடும்போது, பக்கத்தில் உருண்டு வந்த பந்துக்கு இரண்டடி நகர மறுத்தீர்கள். இரண்டு முறை நீங்களாகவே சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தீர்கள். அவ்வளவு திறமை எனக்கு இருந்திருந்தால் அதை அப்படி வீணடித்திருக்க மாட்டேன். அதற்காகவும் உங்களைப் பிடிக்காது.

ஆனால் இறுதி ஆட்டத்தில் நீங்களாக நடக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அறுபத்தொன்றாவது நிமிடத்தில் மருத்துவரின் உதவியாளர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. மருத்துவர் வெளியேற்றினார்." அதைத்தான் பலகையில் எழுதியிருக்க வேண்டும். நான் என்ன எழுதினேன்? "எட்டாம் எண் வெளியேறினார்." முட்டியையும் மருத்துவரையும் விட்டேன். கடைசிச் சொல்லில் ஒரே ஒரு 'ற்' எடுத்தேன். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் செய்ததல்ல. அதில் பரிசு வாங்கியவன் நான். பலகையில் இடம் இல்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

ஆட்டம் தோற்றது. வெளியே வந்த கூட்டம் பலகையைப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் உங்களுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். வெளியேறி. நீங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்திருந்தீர்கள். எழுந்து வந்து என்ன சொன்னாலும், முன்பே இரண்டு முறை சட்டையைக் கழற்றியவர் சொல்வதை யார் நம்புவார்கள்? தோல்விக்கு ஒரு ஆள் கிடைத்ததில் பயிற்சியாளருக்கும் நிம்மதி. இன்றைக்கு இந்தத் தெருவில் சீட்டாட்டத்தில் பாதியில் எழுந்து போகிறவன்கூட வெளியேறிதான். உங்களைப் பார்த்தேயிராத பிள்ளைகள் அப்படிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஞாயிறு காலை. பொன்விழா நோட்டீசை என் மைத்துனன் கண்ணாடியில் ஒட்டியிருந்தான். வெல்டர் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தான். பாதிச் சவரம் ஆகியிருந்தது. "பயந்து ஓடினவனைக் கூப்பிட்டு மரியாதை பண்றானுங்களா? கிளப் உருப்படும்" என்றான். கத்தி கழுத்துல இருக்கு, பேசாம இருடா என்று இவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "நான் சொல்லலடா. உங்க அக்கா வீட்டுக்காரர்தானே அன்னைக்குப் போர்டுல எழுதினாரு, வெளியேறினார்னு? படிச்ச மனுஷன் பொய்யா எழுதுவாரு?" என்றான் வெல்டர். என் மைத்துனனின் கை நின்றது. இரண்டு பேரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். "மாமா, நீங்களே சொல்லுங்க. அவர் தானாத்தான் போனாரா?"

நான் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினேன்.

"பாத்தியா" என்று வெல்டர் சிரித்தான். அந்தச் சிரிப்பில் தலை அசைந்ததா, இவன் கை அசைந்ததா, கடவுளுக்குத்தான் தெரியும். கன்னத்தில் காது முதல் தாடை வரை கத்தி இறங்கியது. நுரை சிவப்பாகியது. வெல்டர் எழுந்து, இவன் பிடரியைப் பிடித்து, முகத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனான். முகத்தைக் காக்க இவன் வலது கையை முன்னால் நீட்டினான், அந்தக் கையோடு வெல்டர் இவனைக் கண்ணாடியில் மோதினான். ஒரு முறை. கண்ணாடி விழுந்த பிறகும் சட்டத்தில் நின்ற துண்டுகளில் இன்னும் இரண்டு முறை. உங்கள் படமும் கீழே கிடந்தது. நான் எழுந்து போய் விலக்குவதற்குள் வலது கையில் மூன்று விரல்களுக்கு நரம்பு அறுந்துவிட்டது. அன்று சாயங்காலமே என் மைத்துனனின் மகனும் அவன் சேக்காளிகளும் பட்டறைக்குள் புகுந்து, வெல்டரின் இடது காலை அவனுடைய சுத்தியலாலேயே நொறுக்கினார்கள். இரண்டு அடி போதாது என்று ஆறு அடி அடித்தார்களாம்.

இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒருவன் இரண்டாம் மாடியில், ஒருவன் நான்காம் மாடியில். என் மனைவி இரண்டாம் மாடியில் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெல்டரின் மனைவிக்கும் அவளுக்கும் நல்ல சிநேகம். இப்போது லிப்டில் எதிரே வந்தால் இரண்டு பேரும் படியேறிப் போகிறார்கள்.

போன திங்கட்கிழமை நான் நான்காம் மாடிக்குப் போனேன். அந்தச் சீட்டை நான் எறிந்துவிடவில்லை. அகராதிக்குள் வைத்திருந்தேன். அதை வெல்டரிடம் கொடுத்தேன். அவன் கன்னத்தில் பதினான்கு தையல். மெதுவாக இரண்டு தடவை படித்தான். அவன் நம்பமாட்டான் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். நம்பிவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று.

"அப்ப நீதான்" என்றான்.  பிறகு கட்டிலருகே நின்ற தன் இரண்டு தம்பிகளையும் பார்த்து, "என் கால் போச்சு. அவன் கை போச்சு. இவ்வளவுக்கும் காரணமானவன் மட்டும் ரெண்டு காலோட வந்து பந்து உதைப்பானா?" என்றான். அவர்மேல் தப்பில்லை, படித்தாயே என்றேன். "தப்பில்லாதவன் அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். இருபத்திரண்டு வருஷம் எங்களை அடிச்சுக்க விட்டுட்டு அவன் எங்கேயோ சுகமா இருந்தானில்ல" என்றான். அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்க வேண்டியது. கேட்காமலும் விடவில்லை. மூத்த தம்பி கதவைச் சாத்தினான். இளையவன் என் வலது கையைக் கட்டில் கம்பியில் வைத்து, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் பின்பக்கமாக மடக்கினான். குச்சி ஒடிவதுபோலச் சத்தம் கேட்டது. "இனிமே எழுதுங்க சார்" என்றான். சீட்டைக் கிழித்து என் சட்டைப் பையில் போட்டார்கள். பிறகு என்னை வைத்துக்கொண்டே இருபத்தாறாம் தேதிக் கணக்கைப் பேசினார்கள். யார் எங்கே நிற்பது, குழாயை எங்கே ஒளித்து வைப்பது, எல்லாம். நான் கேட்டால் என்ன? சாக்பீஸ்தானே.

போலீஸ் நிலையத்துக்கும் போனேன். ஏட்டு என் கட்டுப்போட்ட கையைப் பார்த்து, "படிக்கட்டுல விழுந்தீங்களா?" என்று அவரே எழுதிக்கொண்டார். உங்கள் விஷயத்துக்கு, "அடிக்கப்போறதுக்கெல்லாம் கேஸ் கிடையாது. அடிச்சதும் வாங்க" என்றார். போகும்போது, "வெளியேறி நிஜமாவே வர்றாரா?" என்று ஆசையாகக் கேட்டார். கிளப் செயலாளரிடம் சொன்னேன். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்கிறார்.

அதனால் இடது கையால், நான்கு நாளாக, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வராதீர்கள். உடம்பு சரியில்லை என்று தந்தி கொடுங்கள். பயந்துவிட்டார் என்பார்கள், சொல்லட்டும். அது உங்களுக்குப் பழக்கம்தான். சந்தின் பக்கம் வேண்டாம், பெரிய வாசல் வழியாகப் போய்விடலாம் என்றெல்லாம் கணக்குப் போடாதீர்கள். பெரிய வாசலில் வெல்டரின் பெரியப்பா மகன் டிக்கெட் கிழிக்கிறான். அவனிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. என் மைத்துனனுக்கு நீங்கள் வருகிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். குழாய் விஷயம் தெரியாது. சீட்டு விஷயம் அவனுக்கும் அவன் அக்காவுக்கும் தெரியாது. நேற்று என்னிடம், "மாமா, அவர் வந்தா ஒரு நிமிஷம் இங்க கூட்டிட்டு வருவீங்களா? கேட்டுடலாம்" என்றான். சரி என்றேன். அவன் விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் என்னிடம் சொல்லியாகிவிட்டது. அவனிடம் யார் சொல்வது? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கிழிந்த சீட்டை ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். என் மைத்துனனுக்கு நீங்கள் நாலு வரி எழுத வேண்டும். ஆஸ்பத்திரி முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. நான் பயந்து போகவில்லை, முட்டி போயிற்று, மருத்துவர் அனுப்பினார், இதோ சீட்டு என்று எழுதுங்கள். பலகையில் எழுதியவன் யார் என்பது அவனுக்குத் தெரியும். எழுதியவன் ஏன் அப்படி எழுதினான் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். எப்படி எழுதினாலும் சரி. கடுமையாக எழுதினால் எனக்கு நல்லது. அவன் அதைத் தன் அக்காவிடம் படித்துக் காட்டட்டும். நான் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பேன், எங்கேயும் போகமாட்டேன்.

உங்கள் பிள்ளைகள் நல்லபடியாக இருக்கட்டும். அவர்களில் யாராவது பந்து விளையாடினால் நாள் தவறாமல் ஓடச் சொல்லுங்கள். மழையில் முட்டி வலிக்கும் என்று நினைக்கிறேன். ஒத்தடம் கொடுங்கள்.

இதை எழுதியவன் யார் என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் கீழே பெயர் போட மூன்று முறை முயன்றேன், கை போகவில்லை. பயம் என்றால் அதைக்கூட ஒப்புக்கொள்வேன். பெயரும் முகவரியும் இருந்தால் நீங்கள் எனக்குப் பதில் எழுதுவீர்கள். போன வருடம் வானொலியில் உங்களிடம் அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டபோது, "விடுங்க, பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ" என்று சொன்ன ஆள் நீங்கள். அப்படி ஒரு பதில் என் வீட்டுக்கு வந்தால் அதை என்னால் பிரிக்க முடியாது. கையெழுத்து இல்லாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.