எழுதியவர் பெயர்

7.12.1972, வியாழன்

காலை பத்தரைக்குள் கிளம்ப வேண்டிய ராக்கெட் மதியம் ஒரு மணிக்குத்தான் கிளம்பியது. எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். சாப்பாடு போயிற்று. மனிதன் சந்திரனுக்குப் போவது இதுவே கடைசியாம். நான்கு வருடம், ஒன்பது பயணம். அத்தனைக்கும் வானொலி உரையை எழுதியது நான், படித்தது அழகப்பன். "பொம்பள பேரு சொன்னா சமையல் குறிப்புன்னு ரேடியோவ மூடிடுவாங்க" என்று மேலதிகாரி வேலாயுதம் ஆரம்பத்தில் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

9.12, சனி

தேக்கா மார்க்கெட்டில் அழகப்பனைப் பார்த்தேன். மீன்காரர் சாகுல் ஹமீது அவரை விடவில்லை.

"வாங்க நிலா சார்! அங்க மீன் கிடைக்குமா, இல்ல நான் போய் கடை போடவா?"

"தண்ணியே இல்லய்யா, மீனுக்கு எங்க போக!"

கூடையோடு நின்ற என்னை யாரென்று கேட்டார்.

"நம்ம ஆபீஸ்தான். டைப் அடிக்கிறவங்க."

பொய்யென்று சொல்ல முடியாது. டைப்பும் நான்தான் அடிக்கிறேன். பௌதிகப் பட்டம் அதற்காவது உதவட்டும்.

11.12, திங்கள்

வேலாயுதம் சாரிடம் கேட்டே விட்டேன். நிறைவு உரையின் முடிவில் எழுதியவர் பெயர் வர வேண்டும். ஒரே ஒரு தடவை.

"இத்தன நாளு கேக்கலியேம்மா?"

"இனிமே கேக்குறதுக்கு நிலாப் பயணம் இல்ல சார்."

தலை நிமிராமல், "சரி, போட்டுக்கங்க" என்றார். வெளியே வந்ததும் என் பெயரை ஒரு தாளில் டைப் அடித்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதில், இதற்குப் போயா?

15.12, வெள்ளி

சந்திரனில் இறங்கியிருந்த இருவரும் காலையில் அதை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். அங்கே இப்போது யாரும் இல்லை.

19.12, செவ்வாய்

பதினைந்து நிமிட உரையை மூன்று நிமிடமாக்கச் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நேரம் வேண்டுமாம். இனி யார் கேட்கப் போகிறார்கள் - வாஸ்தவம்தான். அவர்கள் இறங்கிய பள்ளத்தாக்கைப் பற்றிய பகுதியை வெட்டினேன். அவர்கள் கண்டெடுத்த ஆரஞ்சு நிற மண்ணையும் வெட்டினேன், மனசே இல்லாமல். மேலே மூன்று நாள் தனியாகச் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்த மூன்றாமவரை மட்டும் வெட்டவில்லை.

அழகப்பன் எட்டிப் பார்த்தார். "கடைசி வரிய எடுத்துடலாமே மேடம். டைம் பத்தாது லா."

"மண்ண எடுத்துட்டேன். அது இருக்கட்டும்."

"அப்புறம் நான் ஓடி ஓடிப் படிக்கணும்."

"ஓடுங்க."

20.12, புதன்

விடியுமுன் மூவரும் பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள். மாலையில் உரை. அழகப்பன் மூச்சு விடாமல் படித்தார். ஆனாலும் படித்தார்: 'எழுதியவர் பிரிஜட் சவரிராஜ்.' பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

தங்கை அல்போன்சம்மாள் கதவைத் திறக்கும்போதே, "அக்கா, ரேடியோல கேட்டேன். உங்க பேரு, நம்ம அப்பா பேரு - அப்படியே இன்னொருத்தி இருக்கா போல!" என்றாள்.

"நான்தான்."

செய்தி மொழிபெயர்க்கிறேன் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மற்றதை நான் சொன்னதில்லை.

"எல்லாமேவா? அந்த மூணு பேரு பாதி வழியில மாட்டிக்கிட்டாங்களே, ரெண்டு வருஷம் முன்ன, நான்கூட அழுதேனே - அதுவுமா?"

"அதுவும்."

"பக்கத்துலதானே ஒக்காந்திருந்தீங்க!"

ஆமாம். அன்றைக்கு அவளுக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.